சாய்ந்த தலைக்கு என்ன எண்?

சட்டைப்பையில் மந்திரித்த எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண் நோய்களுக்கு எண் போட்ட ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். காலையில் குளித்து, சட்டை மாட்டி, பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். கடலுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ கண் எந்தத் திசையில் ஒதுங்கியிருக்கிறது என்று படிக்க ஆரம்பிப்பேன். பேய் என்பது மூளையின் சோம்பேறித்தனம் என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்காமலே விளக்கி வந்தவன் நான். ஒருநாள் குனிந்தபோது அந்தப் பழம் உருண்டு விசைப்பலகைமேல் விழுந்து, ஒரு நோயாளியின் குறிப்பில் தன் பங்குக்கு ஒரு வரி அடித்தது. அதை அழிக்கவே எனக்குப் பயமாக இருந்தது என்றால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எழுதிய குறிப்பை, எங்கள் பாஷையில் ‘சார்ட்’டை, படித்து, அதில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டுக் கொடுப்பது. இன்சூரன்ஸ்காரருக்கு நோய் புரியாது, எண் புரியும். என் பங்குக்கு வந்தது கண், அதிலும் பெரும்பாலும் மாறுகண். உள்ளே திரும்பிய கண், வெளியே திரும்பிய கண், எப்போதும் திரும்பியே இருப்பது, களைத்தால் மட்டும் திரும்புவது, நரம்பு தளர்ந்ததால் திரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. வலது கண் என்றால் கடைசியில் ஒன்று, இடது என்றால் இரண்டு. எந்தக் கண் என்று எழுத டாக்டர் மறந்துவிட்டால் பூஜ்யம்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் அந்த நோய்க்கு எண் போடக் கூடாது. நோயாளி என்ன கஷ்டம் என்று சொன்னாரோ அதற்கு மட்டும் போட வேண்டும். இதை ஊருக்கே சட்டமாக்கினால் பாதி வதந்தி அடங்கிவிடும் என்று சொல்லித் திரிந்தேன். என் விஷயம் வந்தபோது அந்த விதியை முதலில் மீறியவன் நானேதான்.

ஆரணியில் பட்டு நெய்கிற தெரு ஒன்றில் மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர் குடும்பம், இரண்டு தறி. வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுவார். பேச்சு, வரவேற்பு, விசாரணை எல்லாம் வீட்டுக்கார அம்மா பொறுப்பு. என் மனைவிக்குக் களம்பூரில் ஸ்கூல் வேலை. காலை பஸ்ஸில் போனால் சாயந்திரம்தான் வருவாள். பகல் முழுக்க மாடியில் நானும், தெருவைப் பார்த்த ஜன்னலும், அடுத்தவர் கண்களும்.

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்பார்கள். உச்சி வெயிலில் தறி நின்ற பிறகு எங்கள் தெருவை அவர்கள் பார்த்ததில்லை. காலையிலிருந்து டக்டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது ஒரே நேரத்தில் நின்றுவிடும். சத்தம் போனதும் காது தனியாகக் கழன்று விழுந்தாற்போல இருக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்கார அம்மா வெளியே வந்து காம்பவுண்டுச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பார்.

ஒருநாள் ஜன்னலிலிருந்து அதைக் குனிந்து பார்த்தேன். இரண்டு பேர் சோறு வைத்தார்கள்.

ஒருவர் வீட்டுக்கார அம்மா. இன்னொருவரும் வீட்டுக்கார அம்மாதான். அதே புடவை, அதே கிண்ணம். ஆனால் அந்த இரண்டாவது ஆள் முழங்கால்வரை சிமெண்டுத் தரையில் புதைந்து நின்றாள். அவள் உடம்பு நேராக இல்லை. தலை மட்டும் முதலாமவரின் நெஞ்சருகே சாய்ந்திருந்தது, உள்ளே ஏதோ ஓடுகிறதா என்று ஒட்டுக் கேட்பதுபோல. காக்கை வந்தது. இரண்டு காக்கை. ஒன்று சுவர்மேல் உட்கார்ந்தது, ஒன்று சுவருக்குள் உட்கார்ந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டு கண்ணையும். அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தால் கதை அந்த நிமிஷமே முடிந்திருக்கும். ஆனால் பயந்த மனிதன் எவனும் ஒரு கண்ணை மட்டும் மூடுவதில்லை.

அதற்குப் பிறகு மதியம் யார் தெருவில் நடந்தாலும் அவருடன் ஒருவர் தரைக்குள் நடந்தார். தயிர்க்காரிக்கு ஒருத்தி, போஸ்ட்மேனுக்கு ஒருவர், நாய்க்குக்கூட ஒன்று. எதிர் வீட்டு மாடியில் நிற்பவரோடு யாரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் உலகம் ஒழுங்காக இருந்தது. குனிந்தால்தான் கூட்டம். கீழே இருப்பவர்கள் கீழேதானே இருப்பார்கள் என்று அதற்கு ஒரு தத்துவம்வேறு கண்டுபிடித்தேன். நிறையப் படித்தவனுக்கு இது ஒரு தொல்லை. பயத்துக்குக்கூட உரை எழுதாமல் இருக்க முடியாது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தலையை இடது தோள் பக்கம் சாய்த்தால் அவர்கள் மெல்ல எழும்பி, நிஜ ஆட்களுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். எனவே சாய்த்தேன். படிக்கும்போது சாய்த்தேன், சாப்பிடும்போது சாய்த்தேன், மாடிப்படி இறங்கும்போது இன்னும் அதிகமாகச் சாய்த்தேன். படிதான் மோசம். ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி, லேசாகக் கோணலாக. எதில் கால் வைப்பது என்று தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவேன்.

அப்போதுதான் வீட்டுக்கார அம்மா மாறினார்.

குடிவந்ததிலிருந்து என்னிடம் வாய் ஓயாமல் பேசுகிறவர். ‘‘இன்னா சாரு, கம்ப்யூட்டர்ல கண்ணு பாத்துகினே ஒங்க கண்ணு பூத்துடப் போவுது’’ என்று மாடிப்படியில் நின்று கிண்டல் செய்கிறவர். திடீரென்று ஒருநாள் நான் படியில் இறங்கியதும் பேச்சை நிறுத்தினார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். மறுநாளும் அப்படியே. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொன்னார். ‘‘தண்ணி மோட்டாரு போட்டாச்சின்னு சொல்லணும்.’’ யாரிடம் சொல்லணும்? அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். ‘‘அது மச்சாண்டாரு எதிர்ல பண்றதுங்க. புருஷனோட அண்ணன் வந்தா எங்க ஊர்லயும் அப்பிடித்தான், ஒதுங்கி நின்னுகினு செவுத்துகிட்ட பேசுவாங்க. ஒங்களுக்குப் போயி எதுக்கு?’’

கேட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். வரும்போது சிரிப்பு இல்லை. கையில் எலுமிச்சம்பழம் இருந்தது.

வீட்டுக்காரருக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். கல்யாணம் ஆகாதவர். ரைஸ் மில்லில் வேலை. நாங்கள் இருக்கும் இதே மாடியில் தனியாக இருந்தார். பிறந்ததிலிருந்தே தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்குமாம். ஒருநாள் மதியம், கீழே தறி நின்ற நேரத்தில், சாப்பிட இறங்கி வந்தவர் மாடிப்படியில் விழுந்து போய்ச் சேர்ந்தார்.

‘‘நீங்க தலைய சாச்சிகினு செவுத்தத் தடவிகினு எறங்கறது அச்சு அசல் அவருதானாம். அதே படியில அதே மாதிரி நிக்கிறீங்களாம். அந்தம்மாதான் ஒங்களுக்குன்னு இந்தப் பழத்த மந்திரிச்சு வாங்கி வச்சிருந்தாங்க.’’

நான் தெருவில் பேய்களைப் பார்த்துக்கொண்டிருக்க, தெரு என்னில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மனைவியிடம் அப்போதுதான் மதியக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் பழத்தை என் பையில் போட்டாள். நான் மறுக்கவில்லை. அடுத்து அந்தப் படியில் விழப்போவது நான்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டிருந்தது.

விழுந்தேன். ஆனால் படியில் அல்ல.

எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இடுப்புயரத்தில் குச்சிகளின்மேல் தாங்கி, சிக்கெடுப்பது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் குனிந்து அடியில் நுழைந்து போக வேண்டும். தாண்டுவது மரியாதை இல்லை, தொடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்றைக்கு வீட்டுக்காரரின் பாவு. விடியற்காலையிலிருந்து வேலை பார்த்துக் கண் எரிய, ஒரு காபிக்காக இறங்கினேன். தெருவில் இரண்டு பாவு இருந்தது. ஒன்று மேலே, ஒன்று அதற்குக் கீழே முழங்காலளவில், சாய்ந்து.

கீழே இருப்பது ‘அவர்களுடையது’ என்று தெரியும். ஆனால் பையில் பழம் இருக்கிற மனிதன், அவர்களுடைய பாவை மிதிப்பானா? காலை உயரத் தூக்கி அதைப் பக்குவமாகத் தாண்டினேன். அதாவது, பொய்ப் பாவுக்குக் கொடுத்த மரியாதையோடு நிஜப் பாவில் வயிற்றால் போய் மோதினேன். குச்சிகள் சரிந்தன. இழைகள் முகத்தில் சுற்றிக்கொண்டன. கீழே கிடந்தபடி பார்த்தால், அரக்குச் சிவப்பு இழைகளுக்கு நடுவே ஒவ்வொரு முகமும் இரண்டாக என்மேல் குனிந்தது.

தெருவில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கார அம்மா மட்டும் முன்னால் வந்தார். முந்தானையால் தோளை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சரிந்த குச்சியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். ‘‘பாவு யாருதுன்னு தெரியாதா? கூடப் பொறந்த தம்பியோடதுதான். போற வழிக்குப் போவட்டும். எங்களுக்கு இன்னா வேணும்?’’

அந்தக் குரலில் இருந்த பணிவை இன்றும் மறக்க முடியவில்லை. அது எனக்கானது இல்லை. எனக்குள் இருந்து அதை வாங்கிக்கொண்டது யார் என்று ஒரு கணம் நானே காத்திருந்தேன்.

அந்த வாரமே சென்னையிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எங்கள் வேலையைத் திருத்திப் பார்க்கும் அதிகாரி, ஒரு பெண்மணி. ‘சார்’ என்று ஆரம்பித்தால் தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

‘‘சார், ஒங்களுக்கு என்ன ஆச்சு? வலதும் இடதும் மாறி மாறி வருது. நரம்புத் தளர்ச்சி வலது கண்ணுல, நீங்க இடது கண்ணுக்குப் போட்டிருக்கீங்க. ஒண்ணு ரெண்டுன்னா விட்டுடலாம்.’’

எனக்கே புரியவில்லை. திரையின் அடியில் ஒரு பட்டியல் விரியும். வலது கண் ஒரு வரி, அதற்குக் கீழே இடது கண் ஒரு வரி. வலதைத்தான் அமுக்கினேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

‘‘கேமரா சாஞ்சிருக்கா சார்?’’

‘‘இல்லையே.’’

‘‘அப்ப நீங்கதான் சாஞ்சிருக்கீங்க. கழுத்து சுளுக்கா?’’

‘‘அது... கொஞ்ச நாளா அப்படித்தான்.’’

அவர் ஏதோ பக்கத்தைத் திருப்புகிற மாதிரி இருந்தது. பிறகு வாசித்தார். ‘‘நீங்க நேத்து போட்ட சார்ட்தான் சார். நான்காம் நரம்புத் தளர்ச்சி. நோயாளி தலையை இடது தோள் பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறார். கீழே பார்க்கும்போது இரட்டைப் பார்வை. இரண்டாவது உருவம் தாழ்வாகவும் சாய்வாகவும் தெரிகிறது. படி இறங்கச் சிரமம். களைப்பில் அதிகம்.’’ நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். ‘‘சார், ஒங்களுக்குப் படி இறங்கறது எப்படி இருக்கு?’’

வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே தறி நின்றது.

‘‘ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்க சார்’’ என்றார் அவர்.

ஜன்னலுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள், தரையில் புதைந்து, நெஞ்சில் காது வைத்து. வலது கையால் வலது கண்ணைப் பொத்தினேன். அவள் இல்லை. கையை எடுத்தேன். வந்தாள். பொத்தினேன், போனாள். இத்தனை நாள் பயத்தைவிட, என் உள்ளங்கையால் அவளை வரவழைக்கவும் அனுப்பவும் முடிகிறது என்பதுதான் அந்த நிமிஷத்தில் முதுகைச் சில்லிட வைத்தது.

வீட்டுக்கார அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். கிண்ணத்தைச் சுவர்மேலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

சாயந்திரம் மனைவி காரணத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ‘‘அந்த மச்சாண்டாரும் மத்தியானத்துல அதே ஜன்னல்ல, ஒத்தக் கண்ண கையால பொத்திகினு நிப்பாராம். எதுக்குன்னு யாரும் கேட்டதில்லையாம்.’’

எதுக்கு என்று எனக்குத் தெரிந்தது. அந்த மனிதரும் தனியாக, யாரிடமும் சொல்லாமல், அந்த வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறார். தெருவில் இருந்தவர்களுக்குள் இன்னொருவர் போவதையும் வருவதையும் இதே கம்பிகளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். ஆனால் நான் விதியை மறக்கவில்லை. ‘இருக்கலாம்’ என்பதற்கு எண் கிடையாது. அவருக்கு வலதா இடதா, எதுவும் எழுதப்படவில்லை. பூஜ்யம்கூடப் போட முடியாது.

வேலூரில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தோம்.

‘‘எவ்வளவு நாளா ரெண்டு ரெண்டா தெரியுது?’’

‘‘ரெண்டா தெரியலீங்க. கூட ஒருத்தர் தெரியறாங்க’’ என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். அவள், ‘‘எலுமிச்சம்பழத்த வெளிய எடுத்து வைங்க, டார்ச்சடிக்கிறப்ப இடிக்குது’’ என்றாள்.

டாக்டர் சொன்னது எளிமையானது, இனிமையானது அல்ல. இந்த நரம்பு திடீரென்று தளர்ந்திருந்தால் தலைக்குள் ஏதாவது அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பிறவியிலேயே பலவீனமாக இருந்து, வயதானதும் சமாளிக்க முடியாமல் இப்போது வெளியே வந்திருந்தால் பயமில்லை. ‘‘ஸ்கேன் எடுத்துடுவோம். அதோட பழைய போட்டோ இருந்தா எல்லாம் எடுத்துட்டு வாங்க. சின்ன வயசுலேருந்து.’’

‘பழைய புகைப்படங்கள் பார்க்கப்பட்டன’ என்று சார்ட்டுகளில் படித்திருக்கிறேன். கண் டாக்டருக்குக் கல்யாண ஆல்பம் எதற்கு, பொழுது போகவில்லையா என்று நினைத்திருக்கிறேன்.

ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நானும் மனைவியும் தரையில் உட்கார்ந்து போட்டோக்களைப் பரப்பினோம். தலைக்குள் ஏதோ இருக்கலாம் என்றபோது நாங்கள் இருக்கும் மாடியில் யாரோ இருக்கலாம் என்பது சின்ன விஷயமாகிவிட்டது. பேயாக இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்ட பகுத்தறிவுவாதி நான். முதலில் கல்யாண போட்டோ. மாலையோடு நான், தலை இடப் பக்கம். மாலையின் பாரம் என்று நினைத்தேன். காலேஜ் அடையாள அட்டை, இடப் பக்கம். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் வரிசையாக நிமிர்ந்த தலைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் சரிந்து நிற்கிறது. கடைசியாக, இடுப்பில் அரைஞாண் மட்டும் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த குழந்தைப் படம். அந்தக் குழந்தை தலையைச் சாய்த்து, கேமராவுக்குச் சற்றுக் கீழே, தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அந்த வீட்டுக்குக் குடிவந்தது போன வருஷம். அந்தக் குழந்தை எந்த மச்சாண்டாரையும் பார்த்ததில்லை. எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் படத்தை மட்டும் கவிழ்த்து வைத்தேன். டாக்டருக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ‘‘பொறந்ததுலேருந்து ஒங்க கழுத்துதான் கண்ணுக்கு வேலை பாத்திருக்கு. இப்ப அதுக்கும் வயசாயிடுச்சு’’ என்றார் டாக்டர். கீழே விழுகிற உருவத்தை மேலே தூக்கி ஒன்றாக்குகிற கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். ஒரே ஒரு வரிசைப் படி. தலையை நேராக வைத்து, சுவரைத் தொடாமல் இறங்கினேன். வீட்டுக்கார அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முந்தானையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, ‘‘சாரு, கண்ணாடி நல்லாதான் கீது’’ என்றார். பிறகு என் முதுகுக்குப் பின்னால், காலிப் படிகளைப் பார்த்து, மறுபடி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயந்திரம் மனைவி ஸ்கூல் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு எந்த வகுப்பைத் தள்ளிவிட்டார்கள் என்று நீளமான கதை. பாதியில் நிறுத்தினாள்.

‘‘இன்னா, கேக்கலயா?’’

‘‘கேட்டுகினுதான இருக்கேன்.’’

‘‘தல நேரா கீதே.’’

‘‘கண்ணாடி போட்டாச்சு. இனிமே சாய்க்க வேண்டியதில்லை’’ என்றேன் பெருமையாக.



‘‘கல்யாணமான நாள்லேருந்து தலைய சாச்சிகினு சாச்சிகினு நிப்பீங்க. மனுஷன் எம் பேச்ச எவ்ளோ ஆசையா கேக்குறாருன்னு எங்க வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கடைசில பாத்தா நரம்பு!’’